கல்யாண மஹாலில் கல்யாணம் கிடையாது!

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் கல்யாணக் கடிதங்கள். தை பிறப்பதற்கு முன்பே செஞ்சிச் சீமையில் 'தீம்' பிறந்துவிட்டது போலிருக்கிறது. வந்தவற்றில் அச்சிடத் தகுந்தவற்றுக்கு மட்டும் பதில்.

கே: செஞ்சிக் கோட்டைக்குள் 'கல்யாண மஹால்' என்றே ஒரு கட்டடம் இருக்கிறது. மகள் கல்யாணத்தை அங்கேயே வைத்துவிட்டால் 'ராஜா காலத்துத் தீம்' செலவில்லாமல் அமைந்துவிடும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். வாடகைக்கு யாரைப் பார்க்க வேண்டும்?
— பெண்ணைப் பெற்றவர், ஆலம்பூண்டி

ப: யாரைப் பார்த்தும் பயனில்லை ஐயா. பெயரில்தான் கல்யாணம். அரண்மனைப் பெண்கள் குடியிருந்த கட்டடம் அது என்கிறார்கள் வரலாறு எழுதியவர்கள். நடுவில் அடுக்கடுக்காக எழும் கோபுரத்தில் அடுக்குக்கு ஒரு சின்ன அறை, சுற்றிலும் வளைவு வைத்த தாழ்வாரம். உங்கள் சம்பந்தி வகையறா மட்டும் ஏறினாலே படிக்கட்டு திணறும். ஆனால் ஒரு விஷயத்தில் அதைக் கட்டியவர்களைக் கும்பிட வேண்டும். வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து மண்குழாய் வழியாக மேல் அடுக்குகள் வரை தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். இன்றைய மண்டபத்தில் முகூர்த்த நாள் காலை ஐந்து மணிக்கு மாடிக் குழாயைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.

சட்டமும் இருக்கிறது. கோட்டை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். கூட்டம், வரவேற்பு, விருந்து, கேளிக்கை எதுவானாலும் மத்திய அரசின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் அங்கே நடத்தக்கூடாது என்று 1959-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. சின்னத்துக்குச் சேதம் விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2010-இல் தண்டனையையும் ஏற்றிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு மாமியார் வீடு பார்த்துவைத்திருக்கிறீர்கள். அந்த இன்னொரு 'மாமியார் வீடு' எதற்கு? ஊருக்குள் மண்டபம் பிடியுங்கள். மொட்டைமாடியில் நின்றால் ராஜகிரி தெரிகிற இடமாகப் பார்த்தால் போதும், பின்னணிக்கு 800 அடி உயர செட் இலவசம்.

கே: சரி, போட்டோஷூட்டாவது கோட்டையில் எடுக்கலாமா?
— நிச்சயம் முடிந்தவர், திண்டிவனம்

ப: கையில் பிடித்த கேமராவோடு நாலு படம் எடுத்துக்கொண்டு வருவதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஸ்டாண்டு, விளக்கு, வெள்ளைக்குடை, ட்ரோன் என்று படை திரட்டினால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். இந்தக் கோட்டை எத்தனையோ படையெடுப்பைப் பார்த்துவிட்டது, உங்களைக் கண்டு அசராது. ராஜகிரி உச்சிக்குப் போவதானால் காலையிலேயே ஏறிவிடுங்கள். பொழுது சாய்கிற நேரத்தில் மேலே விடமாட்டார்கள். பட்டுப்புடவையும் மேக்கப்பும் போட்டுக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏறினால் ரங்கநாதர் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் முகத்தில் மிஞ்சுவது மூக்குத்தி மட்டும்தான். குரங்குகளுக்குப் பூமாலை மேல் தனிப் பிரியம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கே: எங்கள் பையன் குதிரையில் வந்து இறங்க ஆசைப்படுகிறான். 'ராஜா தேசிங்கு தீம்' பிரமாதமாக இருக்கும் என்று டெக்கரேஷன்காரர் சொல்கிறார். நல்ல யோசனைதானே?
— மாப்பிள்ளையின் அம்மா, வளத்தி

ப: அம்மா, அந்த டெக்கரேஷன்காரருக்குக் கதை முழுதும் தெரியுமா என்று முதலில் கேளுங்கள்.

ஆரம்பம் அமர்க்களம்தான். டெல்லியில் யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கிக் காட்டி ராணிபாயைக் கைப்பிடித்தான் நம் செஞ்சி ராஜா தேசிங்கு என்று கதைப்பாடல் சொல்கிறது. அதோடு திரையை இறக்கிவிட்டால் கல்யாணத் தீம். ஆனால் கதை இறங்குவதில்லை. கப்பத் தகராறில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தார். 1714 அக்டோபர் 3-இல் நடந்த போரில் தேசிங்கு மாண்டான், வயது இருபத்திரண்டு என்பார்கள். ராணிபாய் தீக்குளித்தாள். அவள் நினைவாகத்தான் இராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் என்றும் ஒரு வழக்கு உண்டு.

தேசிங்கின் சிநேகிதன் மோவுத்துக்காரன் கதை இன்னும் மோசம். வழுதாவூரில் அவனுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தபோது போர்ச் செய்தி வருகிறது. மாலையும் கழுத்துமாக எழுந்து நீலவேணிக் குதிரையில் ஏறிப் போனவன் திரும்பவே இல்லை. சிநேகிதன் கல்யாணத்தில் பாதியில் எழுந்து போகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். தன் கல்யாணத்திலேயே பாதியில் எழுந்து போனவன் அவன் ஒருவன்தான். இதை மேடைக்குப் பின்னால் படமாக வைத்துக்கொண்டு, அதன் கீழே பிள்ளையும் பெண்ணும் நின்று ஆசீர்வாதம் வாங்குவதா? தேசிங்கு ஊருக்கே பெருமை. கூத்திலும் பாட்டிலும் அவனைக் கொண்டாடுவோம், கல்யாண மேடையில் வேண்டாம்.

குதிரை மட்டும் வரட்டும், தடையில்லை. ஆனால் குதிரைக்குப் பக்கத்திலேயே பேண்டு செட்டும், காலடியில் பத்தாயிரம்வாலாவும் வைத்துவிட்டு 'மிரண்டுவிட்டது' என்று அதைத் திட்டக்கூடாது. குதிரை போன பிறகு வெடி. டெல்லிக் குதிரையை அடக்க ஒரு தேசிங்கு இருந்தான், உங்கள் பையன் பைக்கையே இரண்டு முறை சாய்த்தவன் என்று நீங்களே கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

கே: 'தீம் கல்யாணம்' என்றால்தான் என்ன?
— தாத்தா ஒருவர், அவலூர்பேட்டை

ப: உங்கள் கல்யாணத்தில் பந்தல்காரர் தென்னங்கீற்றும் வாழைமரமும் கட்டிவிட்டுப் போனார் அல்லவா? அதையே பேத்தி கல்யாணத்தில் 'வில்லேஜ் தீம்' என்று தனியாகப் பில் போட்டுக் கட்டுவார்கள்.

கே: கோட்டைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்திருப்பதால் மராட்டிய தீம் வைக்கலாமா? எல்லோருக்கும் தலைப்பாகை தைக்க ஆர்டர் கொடுக்கப் போகிறேன்.
— மாப்பிள்ளைத் தோழன், செஞ்சி

ப: 2025 ஜூலையில் பட்டியலில் சேர்ந்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம்முடையது ஒன்றுதான். பெருமைப்படலாம். சிவாஜி இதைப் பிடித்தது 1677-இல். பிற்பாடு அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்க, மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகை போட்டு, கோட்டை விழுவதற்கு 1698 ஆயிற்று. ஏழு வருஷத்துக்கு மேல் முற்றுகை! சம்பந்தி வீட்டார் மூன்று நாள் தங்கினாலே நாம் முணுமுணுக்கிறோம்.

தலைப்பாகைக்கு முன்னால் ஒன்று யோசியுங்கள். கோட்டையைக் கட்டத் தொடங்கியவர்கள் கோன் வம்சத்தார் என்பது ஊர் வழக்கு. வளர்த்தவர்கள் நாயக்கர்கள். பிறகு பீஜப்பூர்க்காரர், மராட்டியர், மொகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், நடுவில் ஹைதர் அலி. ஒரு பெரியப்பா மராட்டியர் என்றால் இன்னொரு பெரியப்பா 'நான் நாயக்கர் காலத்து வேஷம்தான் கட்டுவேன்' என்பார். மறுபடியும் ஒரு முற்றுகை தேவையா? நூறு தலைப்பாகைக்கு ஆர்டர் கொடுக்கிற காசில் நூறு பேருக்கு நல்ல வேட்டி எடுத்துக் கொடுக்கலாம்.

கே: மேடைக்கு இருபுறமும் செஞ்சிக் கோட்டைத் தூண் மாதிரி தெர்மாகோலில் செய்து வைக்கலாமா?
— கலைஆர்வலர், மேல்மலையனூர்

ப: தாராளமாக. அசல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் எப்போதோ புதுச்சேரிக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிறவை செஞ்சிக் கருங்கல்தான். நமக்கு மிச்சம் தெர்மாகோல்.

கே: இந்தத் தீம் பைத்தியம் நம் ஊருக்கு மட்டும்தானா, வேறு தமிழர்களுக்கும் உண்டா?
— பெரியம்மா, அனந்தபுரம்

ப: நம் ஊர் தேவலை அம்மா. 2021 பிப்ரவரியில் ஒரு ஜோடி நீலாங்கரைக் கடலுக்குள் 60 அடி ஆழத்தில் மாலை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு மே 23-இல் மதுரை ஜோடி ஒன்று விமானத்தையே வாடகைக்குப் பிடித்து, நூற்றுக்கு மேற்பட்ட உறவினர்களோடு நடுவானில் தாலி கட்டியது. கொரோனா நேரம், முகக்கவசமும் இல்லை, இடைவெளியும் இல்லை. வீடியோ ஊரெல்லாம் பரவி, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரணை போட்டதுதான் மறுவீடு.

மூன்றாவது கல்யாணத்தைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 2022 பிப்ரவரி 6, கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரம். நம் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை அல்ல, அந்தக் கிருஷ்ணகிரி. தாலி கட்டியது ஊரில் சொந்தபந்தத்தோடு. வரவேற்பு மட்டும் இணையத்தில், மெட்டாவெர்ஸில், ஹாரி பாட்டர் கதையில் வருகிற கோட்டைப் பள்ளியைத் தீமாக வைத்து. கூட்டத்துக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் என்பதால் வர முடியாதவர்கள் இருந்த இடத்திலிருந்தே பொம்மை உருவத்தில் வந்து போனார்கள். அந்தப் பெண்ணின் அப்பா முன்பே காலமாகிவிட்டவர். அவரையும் அப்படியோர் உருவமாகச் செய்து, மகளை ஆசீர்வதிக்க வைத்தார்கள். இந்தத் தீமுக்கு ஒரு காரணம் இருந்தது. டெக்கரேஷன்காரரின் ஆல்பத்தைப் புரட்டித் தேர்ந்தெடுத்ததல்ல.

கே: செலவு ஒரு பொருட்டல்ல. தமிழ்நாடே பேசுகிற மாதிரி செய்ய வேண்டும்.
— பெயர் வேண்டாம் என்றவர், செஞ்சி

ப: 1995 செப்டம்பர் 7-இல் சென்னையில் அன்றைய முதலமைச்சரின் வளர்ப்பு மகனுக்கு அப்படியொரு கல்யாணம் நடந்தது. கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. மறு ஆண்டு தேர்தலில் தமிழ்நாடே பேசியது. சொத்துக்குவிப்பு வழக்கில் நீதிமன்றமும் பேசியது.

கே: அழைப்பிதழில் 'விருந்தினர்கள் வெளிர் நிற உடையில் வரவும்' என்று அச்சிட்டிருக்கிறோம். மாமா கோபித்துக்கொண்டார்.
— மணமகள், நாட்டார்மங்கலம்

ப: மாமா பக்கம்தான் நான். வருகிறவர் மொய்யும் எழுதி, பஸ் செலவும் செய்து, உங்கள் வீடியோவில் சம்பளமில்லாத துணை நடிகராகவும் நிற்க வேண்டுமா? அத்தை பெட்டியில் இருக்கிற ஒரே பட்டு அரக்குச் சிவப்பு. அவர் அதைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காரட்டும், உங்கள் ஆல்பத்துக்கு ஒன்றும் ஆகாது.

கே: இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாம் என்கிறீர்களே, ஒரு நல்ல தீம் சொல்லுங்கள் பார்ப்போம்!
— பொறுமையிழந்த மாப்பிள்ளை, செஞ்சி

ப: அப்படிக் கேளுங்கள் தம்பி. கூத்து வையுங்கள்.

திரௌபதியம்மனுக்கு மூலக்கோயில் என்று கொண்டாடப்படுவது எங்கே இருக்கிறது? உங்கள் ஊருக்குப் பக்கத்தில், பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில். அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வழிபாட்டையும் கூத்தையும் வருஷக்கணக்கில் ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சியைக் குருக்ஷேத்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அமெரிக்காவுக்குத் தெரிந்தது செஞ்சி டெக்கரேஷன்காரருக்குத் தெரியவில்லை.

வரவேற்பு அன்று ராத்திரி ஒரு கூத்து ஜமாவைக் கூப்பிடுங்கள். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி அர்ச்சுனன் வந்து நின்றால் உங்கள் பத்தாயிரம் ரூபாய் எல்.இ.டி. திரை வெட்கப்பட்டு அணையும். 'திரௌபதி கல்யாணம்' ஆடச் சொல்லலாம். வில் வளைப்பும் உண்டு, மாலையிடலும் உண்டு, பொருத்தம் பத்துக்குப் பத்து. வாத்தியாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். விடிய விடிய ஆடுகிற ஆட்டத்தை மூன்று மணி நேரத்துக்குச் சுருக்க முடியுமா என்று அவரைத்தான் கேட்க வேண்டும், மேடையில் ஏறிய பிறகு கையைக் காட்டி நிறுத்தக்கூடாது. பேசிய பணத்தையும் விடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். 'துகில் உரிதல்' வேண்டும் என்று எந்தச் சித்தப்பா கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அது கல்யாண வீட்டுக்கு ஆகாது.

முக்கியமாக, மைக் பிடித்துக்கொண்டு 'சத்தமே பத்தலையே' என்று கத்துகிற தொகுப்பாளர் செலவு மிச்சம். கூத்தில் கட்டியக்காரன் இருக்கிறான். மாமனார் மீசை முதல் மொய் நோட்டு வரை எல்லாவற்றையும் கலாய்க்க அவனுக்கு உரிமை உண்டு, யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. தாம்பூலப் பையில் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் நம் கொல்லை மல்லாட்டையில் வெல்லம் போட்டுப் பிடித்த உருண்டை. பந்தியில் இலை போட்டு, உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்வரை ரசம் கேட்டுக் கேட்டுப் பரிமாற ஆள் வையுங்கள். தட்டோடு வரிசையில் நிற்க வைத்தால் உங்கள் தீமை யாரும் பார்க்கமாட்டார்கள், முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பார்கள்.

கே: ஐயர், ஓமம் இல்லாமல் சீர்திருத்த முறையில் செய்கிறோம். அதுவும் 'தீம்' கணக்கில் வருமா?
— தோழர், விழுப்புரம்

ப: 1928-லிருந்து நடக்கிறது தோழரே, தமிழ்நாட்டில் நூறு ஆண்டை நெருங்குகிற ஒரே தீம் உங்களுடையதுதான். அண்ணா ஆட்சியில் வந்த திருத்தத்தால் சட்டப்படியும் செல்லும். மாலை மாற்றினாலே போதும், மோதிரம் அணிவித்தாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. ஒரே ஒரு கோரிக்கை: வாழ்த்துரை வழங்குவோர் பட்டியலை ஐந்து பேரோடு நிறுத்துங்கள். பந்தி ஆறுகிறது.

கே: ஓலைச்சுவடி மாதிரி அழைப்பிதழ் அடித்திருக்கிறோம். 'செஞ்சி இளவரசி – ராஜகிரி வேந்தர் திருமண வைபவம், இடம்: கோட்டை சமஸ்தானம்' என்று போட்டிருக்கிறோம். எப்படி?
— புதுமணத் தம்பதி ஆகப்போகிறவர்கள், செத்தவரை

ப: படிக்க நன்றாக இருக்கிறது. கூடவே சாதா அழைப்பிதழ் ஐம்பதாவது அடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையில் உள்ள பெயர், தேதி, மண்டபத்தின் நிஜப் பெயர், ஊர் எல்லாம் அதில் இருக்கட்டும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி எந்த மதத்தார் கல்யாணமானாலும், எந்தத் தீமில் நடந்தாலும், 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. சார்பதிவாளர் அழைப்பிதழைக் கேட்பார். ராஜகிரி வேந்தர் யார் என்றும் கேட்பார்.