லெக் கார்டு ஆசாமி

ஒவ்வொரு பேட்டையிலும் இவர் ஒருவராவது இருப்பார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கும் அதைத் தேய்க்க உப்புத்தாளும் கட்டாயம் இருக்கும். வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. ஆனால் "நின்றுபோன" என்று அவர் காதுபட யாரும் சொல்லிவிடக் கூடாது. "நிறுத்தினது கம்பெனிக்காரன். வண்டி எங்க நின்னுச்சு?" என்று பிடித்துக்கொள்வார்.

இவருடைய சமீபத்திய தேடல், அந்த வண்டிக்கு ஒரு லெக் கார்டு. புதிதாக இருக்கக் கூடாது, ஏனென்றால் விலை அதிகம். பழையதாகவும் இருக்கக் கூடாது, ஏனென்றால் துரு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள லெக் கார்டைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

இந்த ஆசை வந்த கதை சுருக்கமானது. சிக்னலில் நின்றிருந்தபோது ஒரு ஷேர் ஆட்டோ லேசாக உரசியதில், வண்டியோடு நின்ற இடத்திலேயே வலப்பக்கம் சாய்ந்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி பதறிப்போய், "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். "கிளட்ச் கவர்ல கீறல் விழுந்துடுச்சு" என்று இவர் சொன்னார். முழங்கால் வீங்கியிருந்தது மறுநாள் காலையில் கக்கூஸில் உட்காரும்போதுதான் தெரிந்தது.

ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த மாதிரி வண்டிகள் வேகமாகப் போய் மோதிக் கெடுவதைவிட, நின்றுகொண்டிருக்கும்போது சாய்ந்து கெடுவதுதான் அதிகம். முதலில் ஹேண்டில்பார் முனை, அடுத்து ஃபுட்ரெஸ்ட், அதற்கடுத்து என்ஜின் கவர் தரையைத் தொடும். கவரில் விரிசல் விட்டால் உள்ளே இருக்கும் ஆயில் வெளியே வந்துவிடும். ஒரிஜினல் கவர் கிடைப்பதோ குதிரைக் கொம்பு. லெக் கார்டு இருந்தால் தரையின் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும். இதையெல்லாம் டீக்கடையில் யாரும் கேட்காமலே விளக்குவார். கேட்டால் இன்னும் விரிவாக விளக்குவார்.

முதல் படையெடுப்பு ஜி.பி. ரோட்டுக்கு. சென்னையில் வண்டிக்கு நகை நட்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் போகிற தெரு அது. கடைப் பையன் பணிவாகத்தான் கேட்டான்.

"எந்த வண்டிக்கு அங்கிள்?"

"ஆர்எக்ஸுக்கு."

"ஆர்சியா அங்கிள்? கேடிஎம்மா?"

அந்த வண்டி நின்ற வருடத்துக்கு அப்புறம் பிறந்த பையன். அவன்மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை என்று இவர் பெருமூச்சு விட்டார். பையன் விடாமல் ஒரு ஜோடி ஃப்ரேம் ஸ்லைடரை எடுத்து மேஜைமேல் வைத்தான். கறுப்பு நைலான் குமிழ், நடுவில் போல்ட். இவர் அதை உருட்டிப் பார்த்தார்.

"இது என்னப்பா, கட்டில் காலுக்குப் போடுற புஷ்ஷு மாதிரி இருக்கு?"

"இதான் அங்கிள் இப்ப எல்லாரும் போடுறாங்க. விழுந்தா வண்டி சறுக்கிட்டுப் போயிடும்."

"சறுக்கிட்டு எங்கப்பா போகும்? வண்டி எனக்கு வேணுமே!"

விலையைச் சொன்னதும் பேச்சு முடிந்தது. ஜோடி 1,800 ரூபாய். பில் போட்டால் வரி தனி.

அடுத்தது புதுப்பேட்டை. கூவம் கரையோரம் வண்டிகளைப் பிரித்து மேயும் அந்தப் பேட்டைதான் இவருக்குத் தாய்வீடு. காயலான் கடை பாய் தூரத்தில் சைலன்சர் சத்தம் கேட்டதுமே யார் என்று தெரிந்துகொண்டு டீ சொல்லிவிட்டார்.

"ஆர்எக்ஸ் மால் வந்தா போன் பண்றேன்னு சொன்னேனே சார்!"

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன் பாய்."

மந்தைவெளியிலிருந்து புதுப்பேட்டைக்குச் சும்மா வருகிறவர் இவர் ஒருவர்தான். குவியலுக்குள் கையை விட்டு, புல்லட் கார்டு ஒன்று, சுசூகி மேக்ஸ் 100 கார்டு ஒன்று, ஒற்றைக் காலோடு ஒன்று என்று எடுத்தெடுத்துப் போட்டார். கடைசியில் ஒரு ஸ்பிளெண்டர் கார்டு வந்தது. கோணல் இல்லை. பாய் 400 சொன்னார். "எடை போட்டுக் குடு பாய்" என்றார் இவர். எடைக்குப் போட்டால் காசு குறையும், பாய்க்கு அது தெரியாதா? 250-இல் முடிந்தது. உலகத்தையே ஏமாற்றிவிட்ட முகத்தோடு வண்டியை உதைத்தார்.

ஸ்பிளெண்டர் கார்டு ஆர்எக்ஸில் உட்காராது. ஸ்பிளெண்டரின் சிலிண்டர் முன்பக்கம் படுத்துக் கிடக்கும். ஆர்எக்ஸின் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும், அதன் முன்னாலிருந்து பெண்டு பைப்பு வளைந்து வலப்பக்கம் இறங்கும். கார்டை வைத்தால் பைப்பில் இடிக்கும். பைப்பிலிருந்து தள்ளி வைத்தால் கிளாம்ப் எட்டாது. ஆகவே மூன்றாவது படையெடுப்பு வெல்டிங் பட்டறைக்கு.

"இந்தப் பைப்பு தெம்பா இல்லப்பா. வீட்ல தண்ணி பைப்பு ஒரு துண்டு கிடக்கு, அதை வச்சுப் பண்ணிடு" என்றார் இவர்.

வெல்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "சார், விழுந்தா லெக் கார்டு வளையணும். அது வளையலேன்னா, அடி அப்படியே கிளாம்ப் வழியா ஃப்ரேமுக்குப் போகும். அப்ப ஃப்ரேம் வளையும். எது வளையணும், நீங்களே சொல்லுங்க."

இந்தக் கதையிலேயே உருப்படியான பேச்சு இதுதான் என்பது என் கருத்து. 15 வருடம் தாண்டிய வண்டி, 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ அலுவலகத்தில் போய் நின்று ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். கோணிப்போன ஃப்ரேமோடு அங்கே போய் நிற்பதை நினைத்ததும் இவர் தண்ணி பைப்பு யோசனையைக் கைவிட்டார். வெட்டி, வளைத்து, கிளாம்புக்கு அடியில் பழைய டியூப் துண்டு வைத்து, கிக்கர் இடிக்கிறதா, பிரேக்குக்குக் கால் எட்டுகிறதா, முன்பக்கம் அமுங்கினால் மட்கார்டு தட்டுகிறதா என்று பார்த்து மாட்ட, கூலி 600. அப்புறம் குரோம் பிளேட்டிங் 700. ஆக மொத்தம் 1,550. வீட்டில் சொன்ன கணக்கு 250 மட்டும்.

இவ்வளவு பாதுகாப்பு கொடுத்தவரின் தலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்று 2021 ஜூன் 1 முதல் விதி இருக்கிறது. இவருடைய ஹெல்மெட் அதற்கு முன்பே பிளாட்பாரத்தில் 150 ரூபாய்க்கு வாங்கிய சட்டி. பக்கிள் உடைந்துபோய், வாரை முடிச்சுப் போட்டிருக்கிறார். போலீஸ் இல்லாத தெருக்களில் அது தலையில் இருக்காது, புது லெக் கார்டின் இடப்பக்கம் தொங்கும். வலப்பக்கம் காய்கறிப் பை.

இத்தோடு நிம்மதி அடைந்தாரா என்றால் இல்லை. கார்டு அகலமாகிவிட்டதால் வீட்டு கேட்டில் தினமும் உரசுகிறது. பளபளவென்று போட்ட குரோமில் கீறல் விழுந்தால் மனசு தாங்குமா? சைக்கிள் டியூபைக் கிழித்து இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தார், அழகு போய்விட்டது. இப்போது லெக் கார்டுக்கு மாட்ட ஏதாவது கார்டு சல்லிசாகக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டு மொட்டைமாடியில் அப்படி ஏதாவது ரப்பர் உறை கிடந்தால், தயவுசெய்து குப்பையில் போட்டுவிடாதீர்கள். சைலன்சர் சத்தம் கேட்டால் கூப்பிட்டுக் கொடுங்கள். இனாமாக மட்டும் கொடுக்காதீர்கள், சந்தேகப்படுவார். 100 ரூபாய் என்று சொல்லி, 40-க்கு இறங்குங்கள்.