இடத்து ஸ்டியரிங்கும் வலத்து ஆசையும்

வா மாப்ளே, இப்படி உக்காரு. அந்த மீன்கூடைய லேசா நவுத்திக்கோ, கூடைக்காரம்மா திட்டுனா என் பேரச் சொல்லு, இன்னும் நல்லாத் திட்டும்.

ஒன் சங்கதி ஒனக்கு முன்னாடியே மார்க்கெட்டுக்கு வந்துடுச்சு. ஒங்க தாத்தா சைகோன்ல சொல்தாவா, அதான் பிரெஞ்சு சிப்பாயா, இருந்துட்டு கப்பல்ல ஏத்திக்கினு வந்தாரே கறுப்பு சித்ரோயன், டிராக்‌ஷன் அவான், அதுல நீ கண்ட்ரோல் எல்லாத்தையும் எடம் மாத்தப் போறியாமே! ஸ்டியரிங் இடது பக்கத்துலேருந்து வலது பக்கம். டேஷ்போர்டுலேருந்து நீட்டிக்கினு இருக்கற கியர் தண்டு தரைக்கு. ஹாரன் ஸ்டியரிங் நடுவுல. ஸ்பீடாமீட்டர் இருந்த ஓட்டையில சின்னதா ஒரு டிவி. ரொம்ப நல்லது. தாத்தா வச்ச எடத்துலயே ஏதாவது மிச்சம் இருந்தா சொல்லு, ஒரு முழம் பூ வாங்கியாந்து போடறேன்.

சிரிக்காத. நான் பெருசாப் படிச்சவன் இல்ல, பாகூர் காட்டுல கத்திரிக்கா போட்டவன். ஆனா ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல மரத்தடியில மனு எழுதியே ரெண்டு பொண்ணுங்களக் கட்டிக் குடுத்தேன். மனு எழுதறவனுக்கு சட்டம் தெரியாது, சட்டத்துல எந்த எடத்துல சிக்குவாங்கன்னு தெரியும்.

மொதல்ல ஒன்ன சந்தோஷப்படுத்திடறேன். ஒன் ஆர்.சி.ய எடுத்துப் பாரு. இன்ஜின் நம்பர் இருக்கும், சேசிஸ் நம்பர் இருக்கும், கலர், எத்தினி சீட்டு, என்ன எடை எல்லாம் இருக்கும். ஹாரன் எங்கன்னு கேக்கற கட்டம் ஒண்ணு கூட இருக்காது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ம் பிரிவுன்னு ஒண்ணு. கம்பெனிக்காரன் குடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில இருக்கறதுக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி வண்டிய மாத்தாதங்குது. மாத்தறதுன்னா இன்னான்னும் அங்கயே வெளக்கம் இருக்குது: வண்டியோட அமைப்புல கை வச்சு, அதனால அடிப்படை அம்சம் மாறுனா அதுதான் மாற்றம். அப்ப ஹாரன் பட்டன நாலு விரக்கட நவுத்துனா அடிப்படை அம்சம் மாறிடுமா? மாறாதுன்னுதான் நான் சொல்லுவேன். நவுத்திக்கோ. ஆனா சவுண்டு ஒரே சவுண்டா இருக்கணும். மாத்தி மாத்திப் பாட்டுப் பாடற ஹாரன் கூடாதுன்னு மத்திய மோட்டார் வாகன விதி 119 சொல்லுது. நேரு வீதியில நாதஸ்வரம் வாசிக்கற ஆசை இருந்தா இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோ, அதுக்கு வேற சட்டம்.

ஸ்பீடாமீட்டர எங்க வேணா வையி. ஓட்டறவன் கண்ணுக்குத் தெரியணும், அவ்வளவுதான். டிவியில ரஜினி ஆடறாரு, மீட்டர் டிக்கியில இருக்குதுன்னா அது வேலைக்காவாது.

இப்ப ஸ்டியரிங்குக்கு வரலாம். அத வலது பக்கம் கொண்டாரணும்னா இன்ஜினுக்கும் ஒன் முழங்காலுக்கும் நடுவுல இருக்கற தகட்டுச் செவுர அறுக்கணும். அம்பாசிடர் மாதிரியே இதுவும். தனியா சேசிஸ் கெடையாது மாப்ளே. 1934-லயே அந்தப் பிரெஞ்சுக்காரன் பாடியையே எலும்பா வச்சுக் கட்டிட்டான். தகட்டுல ரம்பம் வச்சா வண்டியோட முதுகெலும்புல வச்ச மாதிரி. ஒன் மெக்கானிக் அந்தப் பையன் வெல்டிங்ல கெட்டிக்காரன்தான், எங்க வீட்டு கேட்ட அவன்தான் பத்த வச்சான். அது இன்னும் சாத்தறதில்ல.

சரி, வெல்டிங்கும் ஒக்காந்துடுச்சுன்னே வச்சிப்போம். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து என்னா பண்ணுவாரு தெரியுமா? ஒக்கார மாட்டாரு. கதவத் தெறந்து, வெளிய நின்னுக்கினே, ஸ்டியரிங்க ரெண்டு விரல்ல புடிச்சு இப்படியும் அப்படியும் ஆட்டுவாரு. கண்ணு ஸ்டியரிங் மேல இருக்காது, முன் சக்கரத்து மேல இருக்கும். ஸ்டியரிங் திரும்பியும் சக்கரம் சும்மா நிக்கற அந்த ஆட்டம் 30 டிகிரிக்கு மேல போவக் கூடாது. விதி 98. குனிஞ்சு பாத்தாருன்னா பால் ஜாயிண்ட்டுக்கு ரப்பர் தொப்பி இருக்கணும், போல்ட்டும் பின்னும் கழண்டு வராம லாக் பண்ணியிருக்கணும். ஒன் பையன் சணல் கயிறு சுத்தி வச்சிருப்பான்.

2019 ஜனவரியில கேரளத்து ஆர்.டி.ஓ. வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட்டு கறாரா சொல்லிடுச்சு, கம்பெனி குடுத்த மூல அமைப்ப மாத்தக் கூடாதுன்னு. அதே வருசம் சட்டத்தத் திருத்தி 182-ஏ பிரிவ மாத்தி எழுதுனாங்க. அனுமதியில்லாம வண்டிய மாத்தி மாட்டுனா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல 5,000 ரூபா, இல்ல ரெண்டும். அந்த 5,000 மொத்தத்துக்குன்னு நெனச்சிடாத. ஒவ்வொரு மாற்றத்துக்கும். கத்திரிக்கா மாதிரி எடைக்கு இல்ல, தேங்கா மாதிரி எண்ணிக்கைக்கு. ஸ்டியரிங் ஒண்ணு, கியர் ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சா ஒன் பொஞ்சாதி வளையலும் எண்ணிக்கையில சேந்துடும்.

இவ்வளவும் எதுக்குப் படறோம்ங்கறேன். இடது பக்கம் ஸ்டியரிங் இருந்தா ரோட்டுல உடமாட்டாங்கன்னு எவனோ ஒங்கிட்ட ஓதியிருக்கான். பிரிவு 120-ஐப் படிச்சானா அவன்? இடது ஸ்டியரிங் வண்டிய ஓட்டாதன்னு அது சொல்லல. வேலை செய்யற சிக்னல் இருந்தா ஓட்டுன்னுதான் சொல்லுது. ஒனக்கு வேண்டியது நாலு விளக்கு, ஒரு சுவிட்சு, ஒரு பிளாஷர். ஒன் வண்டி ஆறு வோல்ட்டு, அதுக்கேத்த பல்பாப் பாத்து வாங்கணும், அவ்வளவுதான் கஷ்டம். ஸ்வீடன் நாட்டுல 1967 செப்டம்பர் 3 வரைக்கும் ரோட்டுல இடது பக்கம்தான் போனானுங்க, வண்டியில ஸ்டியரிங்கும் பெரும்பாலும் இடது பக்கம்தான். அத்தினி வருசம் ஓட்டியிருக்கான். ஒனக்கு பெரிய மார்க்கெட்டுக்கு வந்து வஞ்சிரம் வாங்கிக்கினு போவ முடியாதா?

அட, நாம ஒக்காந்திருக்கற மார்க்கெட்டு யாரு பேருல இருக்குது? குபேர் அங்காடி. எதுவார் குபேர் பிரெஞ்சுக்காரன் பக்கம் நின்ன மனுசன், 1954-ல இந்தியா பக்கம் திரும்பிட்டாரு. அப்புறம் இங்க மொத மந்திரியாவும் ஆனாரு. இடத்துலேருந்து வலத்துக்கு மாறணும்னா அவர மாதிரி மாறணும். அதுக்கு ஆர்.சி.யும் இல்ல, 52-ம் பிரிவும் இல்ல. அதே 1954 நவம்பர் 1-ல ஊரே கை மாறுச்சு, ஒங்க தாத்தா வண்டியில ஒரு ஸ்குரூவக் கூடக் கழட்டல.

இன்னொண்ணு சொல்றேன், இதக் காது குடுத்துக் கேளு. 2021 ஜூலையில வின்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி போட்டாங்க. மொதப் பதிவு ஆகி 50 வருசம் தாண்டின சொந்த வண்டிங்களுக்கு. பழைய நம்பர் இருந்தா அதையே வச்சுக்கலாம். புதுசாப் பதிஞ்சா பி.ஒய்.க்குப் பக்கத்துல வி.ஏ.ன்னு போட்டு நம்பர் குடுப்பாங்க. 20,000 ரூபா, பத்து வருசத்துக்குச் செல்லும், அப்புறம் 5,000. ஆனா சேசிஸ், பாடிக்கூடு, இன்ஜின் இதுல பெருசாக் கை வச்சிருந்தா வின்டேஜ் கெடையாது. இப்ப புரியுதா, அந்த ரம்பம் எத அறுக்குதுன்னு? தாத்தா குடுத்துட்டுப் போன மதிப்ப அறுக்குது. வலது ஸ்டியரிங்கே வேணும்னா அப்பவே இங்கிலாந்துல ஸ்லவ்ங்கற ஊர்ல சித்ரோயன்காரனே போட்டு வித்தான், மரப்பலகை டேஷ்போர்டோட. தாத்தா அத வாங்காதது ஒன் தலையெழுத்து.

வின்டேஜ் நம்பர் வாங்குனா அதுக்கும் ஒரு விலை இருக்குது. தெனம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, பேரணிக்கு, ஆராய்ச்சிக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு எடுக்கலாம். மீன் வாங்கன்னு அந்தப் பட்டியல்ல இல்ல. பெட்ரோல் போடப் போற வழியில மீன் கண்ணுல பட்டா நான் என்னா பண்ணட்டும், அது ஒன் மனசாட்சி பாடு. அதனால எது வேணும்னு நீயே முடிவு பண்ணு. தெனம் ஓட்டணுமா, சாதா ஆர்.சி.யப் புதுப்பிச்சு, சிக்னல் மாட்டி, இடது பக்கமே ஒக்காந்து ஓட்டு. பக்கத்துல ஒம் பொஞ்சாதிய வையி, முந்தறப்ப எதுருல வண்டி வருதான்னு அது பாத்துச் சொல்லும். எப்படியும் சொல்லிக்கினுதான் வரும்.

கண்ட்ரோல் எடம் மாத்தறதுக்குச் சட்டமே கதவத் தெறந்து வச்சிருக்கற எடம் ஒண்ணு இருக்குது. ஒங்க பெரியப்பா காலு போனப்புறம் அவரு கார்ல பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஸ்டியரிங் பக்கத்துல கைக்கு மாத்துனமே, அது மாதிரி. மாற்றுத் திறனாளிக்காக மாத்துனது, ஆபீஸ்ல காட்டி ஆர்.சி.யிலயும் ஏத்துனோம். ஒனக்குத்தான் கை கால் எல்லாம் நல்லா இருக்குதே. மேல ஒண்ணுதான் சந்தேகம்.

ஹாரன் நவுத்தறது, சிக்னல் மாட்டறது, இது ரெண்டையும் இன்சூரன்ஸ்காரனுக்கு எழுதிக் குடுத்துடு. சின்ன வேலைதானேன்னு உட்டுடாத. ஒயர் பத்திக்கினு எரிஞ்சுதுன்னா, எங்களுக்குச் சொல்லாம மாட்டுனதுன்னு சர்வேயர் மொத வரியிலயே எழுதுவாரு. பேப்பர் இருக்குதா? எழுதிக்கோ. ஐயா, என் வண்டி எண் இன்னது, உற்பத்தியாளர் அமைத்த ஸ்டியரிங், கியர் அமைப்பில் மாற்றம் எதுவும் செய்யாமல், கீழ்க்கண்ட மின்சாதனங்களை மட்டும் பொருத்தியுள்ளேன். பில் நம்பர் போடு. போட்டோ வையி, முன்னாடி ஒண்ணு, டேஷ்போர்டு ஒண்ணு. ரெண்டு காப்பி எடு, ஒண்ணுல சீல் வாங்கிக்கோ. சீல் போடறவரு டீ குடிக்கப் போயிருக்காருன்னு சொன்னா திரும்பி வந்துடாத, அங்கயே நில்லு. மனு எழுதுன கூலி இன்னிக்கு ரேட்டுக்கு ஒரு கிலோ வஞ்சிரம், நடுத்துண்டாப் பாத்து வாங்கு.