பாலசமுத்திரத்துச் சேற்றுக்குடிகள்: ஒரு சிற்றாய்வு

பழனி மலையடிவாரத்திலுள்ள பாலசமுத்திரத்து நெல்வயல்களில் மூத்த குடி யார் என்பதை எந்தப் பட்டாவும் சொல்வதில்லை. பக்கத்திலுள்ள பொருந்தலில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில், ஈமக்குழி ஒன்றிலிருந்த ஜாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. கரிமக் காலக்கணிப்பு அதைக் கி.மு. 490-ஐச் சேர்ந்தது என்றது. பழனி மலையடிவாரம் 2,500 ஆண்டுகளாக நெல்லை அறியும். அந்த நெல்லுக்கும் முன்பே இந்த மண்ணில் குடியேறியவை பாக்டீரியாக்கள். ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் வாழும் அவை மூச்சு விடுவதில் காக்கும் ஒழுங்கைப் பற்றியது இந்த ஆய்வு.

அணையிலிருந்து வாய்க்கால் வழியாக வந்த தண்ணீர் வயலில் நிற்கிறது. காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் ஆக்சிஜன் நீரில் பரவும். சேற்றில் மிச்சமிருப்பதை அங்குள்ள உயிர்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. பிறகு மேலே சில மில்லிமீட்டர் படலத்தில் மட்டுமே ஆக்சிஜன் இருக்கும். சூடோமோனாஸ், பாராகாக்கஸ் போன்ற இனங்கள் இதனால் சாவதில்லை. ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கத் தேவையான மரபணுக்கள் அவற்றிடம் முன்பே இருக்கின்றன. காற்று இருந்தவரை அந்த மரபணுக்கள் பேசாமல் இருந்தன. வேண்டாத நேரத்தில் ஒரு நொதியைச் செய்தால் அமினோ அமிலமும் ஆற்றலும் வீணாகும். வீணாக்கும் செல் பக்கத்துச் செல்லிடம் தோற்றுப்போகும்.

மரபணுக்கள் தேவையறிந்து பேசும், தேவையில்லாதபோது அடங்கும் என்பதைத் தெளிவாக நிறுவியவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் பிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும். குடல் பாக்டீரியா பால்சர்க்கரையை எப்போது செரிக்கத் தொடங்குகிறது என்று ஆராய்ந்து 1961-இல் அவர்கள் எழுதிய கட்டுரை உயிரியலின் போக்கை மாற்றியது. 1965-இல் ஆந்த்ரே லுவோஃபுடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சேற்றில் நைட்ரேட் சுவாசத்துக்கான மரபணுக்களைத் தேவையறிந்து பேசவைப்பது எஃப்.என்.ஆர். என்னும் புரதக் குடும்பம். இப்புரதத்துக்குள் நான்கு இரும்பு அணுக்களும் நான்கு கந்தக அணுக்களும் சேர்ந்த ஒரு சிறு கூடு உண்டு. ஆக்சிஜன் பட்டால் அது சிதையும். கூடு சிதைந்த புரதம் தன் இணையோடு சேர முடியாது; இணை சேராமல் டி.என்.ஏ.வைப் பற்றவும் முடியாது. ஆக்சிஜன் தீர்ந்ததும் கூடு நிலைக்கிறது. புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, முறைக்காரர் வந்து மடை திறப்பதுபோல, மரபணுவின் முகப்பில் அமர்ந்து வேலையைத் தொடங்கிவைக்கின்றன. அதுவும் போதாது. நைட்ரேட் உண்மையிலேயே இருக்கிறதா என்று உணர்ந்து சொல்லத் தனிப் புரதங்கள் உண்டு.

இந்தச் சுவாசத்தில் நைட்ரேட் படிப்படியாக நைட்ரைட்டாகி, பின் நைட்ரிக் ஆக்சைடாகி, நைட்ரஸ் ஆக்சைடாகி, கடைசியில் வெறும் நைட்ரஜனாகக் காற்றில் கலக்கிறது. இதில் நைட்ரிக் ஆக்சைடு செல்லுக்கே நஞ்சு. அதனால் அந்த வாயுவையே உணரும் இன்னொரு புரதம் காவல் இருக்கிறது. நஞ்சை உண்டாக்கும் நொதிக்கும் அதை ஒழிக்கும் நொதிக்கும் அது ஒரே நேரத்தில் உத்தரவு தருகிறது. பாக்டீரியாக்களின் ஒழுங்கில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான். ஆபத்தான வேலையைத் தொடங்கும்போதே அதற்கான மாற்றும் தயாராகிவிடுகிறது.

கடைசிப் படிக்கான நொதிக்குத் தாமிரம் வேண்டும். ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி எளிதில் முடங்கும். வயல் காயத் தொடங்கிக் காற்று புகும் வேளையில் நைட்ரஸ் ஆக்சைடு பாதியிலேயே தப்பிப்போவதற்கு இது ஒரு காரணம். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. தண்ணீரை மிச்சப்படுத்தவும் மீத்தேனைக் குறைக்கவும் வயலை அவ்வப்போது காயவிட்டுப் பின் நீர் பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ நல்ல முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காயும்போது, யூரியாவிலிருந்து மண்ணில் சேர்ந்த அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுகிறது. அடுத்த பாய்ச்சலில் சேற்றுக்குடிகள் அதைச் சுவாசித்துத் தீர்க்கின்றன. விவசாயி காசு கொடுத்து வாங்கிய யூரியாவின் ஒரு பகுதி இப்படித்தான் வானத்துக்குப் போகிறது.

இதற்கு நம்மிடம் உள்ள எளிய மருந்து வேம்பு. சேற்றுக்குடிகளை அது நேரடியாகத் தொடுவதில்லை. அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் வேறு பாக்டீரியாக்களைத்தான் மந்தப்படுத்துகிறது. நைட்ரேட் வந்து சேராவிட்டால் அதைச் சுவாசிக்கும் மரபணுக்களுக்கு அழைப்பும் குறையும். இந்தியாவில் தயாராகும் மானிய யூரியா முழுவதும் வேம்பு பூசியதாக இருக்க வேண்டும் என்று அரசு 2015-இல் ஆணையிட்டது. யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, சலித்த வேப்பம்பிண்ணாக்கு 1 பங்கு என்று கலந்து, ஓர் இரவு வைத்திருந்து மேலுரமாக இடுவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.