‘கி.’ ஆளா, அளவா? ஒரு முன்னாய்வு

தமிழில் ‘கி’ எழுதிப் புள்ளி வைத்தால், பின்னால் வருவது ஆளா அளவா என்பது அடுத்த எழுத்தைப் பார்க்கும்வரை தெரியாது. சில இடங்களில் பார்த்த பிறகும் தெரியாது. அந்த இரண்டாம் வகையே இங்கு ஆய்வுப் பொருள்.

கி.மீ.யால் தொல்லையில்லை. கி.மு., கி.பி. இரண்டையும் சரித்திரக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். சிக்கல் தொடங்குவது கி.வா.வில், அதாவது கிலோவாட்டில். கரண்ட் பில்லில் ஒரு யூனிட் என்று வருவது ஒரு கிலோவாட் மணி; சுருக்கினால் கி.வா.ம. அந்த ‘ம’வை எடுத்துவிட்டு ‘ஜ’வைப் போட்டால், கலைமகள் ஆசிரியர் கி.வா.ஜகந்நாதன் வந்து நிற்கிறார். ‘ஜ’ என்பது ஜூல் என வாதிடுவார் உளர். பொருந்தாது. ஒரு கி.வா.ம.வே 36 லட்சம் ஜூல். வாட்டையும் ஜூலையும் பெருக்கி எந்த மின்வாரியமும் காசு கேட்டதில்லை. சிலேடைக்குப் பேர்போன கி.வா.ஜ. இன்று இருந்தால் இந்தப் பத்தியை என்னைவிட நன்றாக முடித்திருப்பார்.

கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரிலோ கிலோ ஆம்பியரே ஓடுகிறது. திருச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஷாக் அடித்தவரைக் கொண்டுபோகப் பொருத்தமான இடம்.

கி.ரா.தான் கனமானவர். ஒரு ராத்தல் 453.59 கிராம், எனவே ஒரு கிலோ ராத்தல் 453.59 கிலோ. எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசில் அவர் எழுதிய ‘கோபல்லபுரத்து மக்க’ளை வைத்துப் பார்த்தேன். முள் அரைக் கிலோவைக்கூடத் தொடவில்லை. 1991இல் அந்த நாவலுக்குப் பரிசு கொடுத்த சாகித்திய அகாதெமியிடம் வேறு தராசு இருந்திருக்க வேண்டும்.

எழுத்தாளர்களுக்குள் முன்னெழுத்து ஒன்றாக இருந்தால் காரணம் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடும். கு.ப.ரா.வும் கு.ப.சேது அம்மாளும் அண்ணன் தங்கை, த.நா.குமாரசாமியும் த.நா.சேனாபதியும் உடன்பிறந்தவர்கள். ஊரும் அப்பாவும் ஒன்று, எழுத்தும் ஒன்று. வாட்டும் ஆம்பியரும் ஜூலும் அப்படியா? ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் இங்கிலாந்துக்காரர். ஆம், அளவு என்று நாம் ஒதுக்கியவையும் விசாரித்தால் ஆட்களே. இது என் ஆய்வின் அடிப்படையையே ஆட்டுவதால் மேலே போகவில்லை.

குற்றவாளி புள்ளிதான். அலகுக் குறியீட்டுக்குப் புள்ளி வைக்கக் கூடாது என்பது சர்வதேச அலகு முறையின் விதி. நாம்தான் ஆளுக்கும் அளவுக்கும் பேதமில்லாமல் வைக்கிறோம். கிமீ, கிவா என்றே அச்சிடுங்கள், பதிப்பாசிரியர்களே. மிச்சமாகும் புள்ளிகளை எழுத்தாளர்களுக்குக் கொடுத்துவிடலாம்.