கடைசி மாதச் சம்பளத்தில் பாதி

(ஏனாத்தூரிலிருந்தும் காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த ஓய்வூதியக் கடிதங்களுக்கு இந்த வாரம் பதில்.)

அரசுப் பள்ளி ஆசிரியை, ஏனாத்தூர்: 2009-ல் வேலையில் சேர்ந்தேன். பழைய ஓய்வூதியம், பங்களிப்பு ஓய்வூதியம், உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் என்று ஏதேதோ சொல்கிறார்கள். எனக்கு எது?

பணியில் சேர்ந்த தேதியைப் பாருங்கள். 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவருக்குப் பங்களிப்புத் திட்டம் என்றுதான் இருந்தது. அதாவது, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்த தொகையில் மாதாமாதம் பத்து சதவீதம் பிடிப்பார்கள். அதே அளவை அரசும் போடும். ஓய்வு பெறும் நாளில் சேர்ந்த பணத்தை வட்டியோடு கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாத ஓய்வூதியம் இருக்கவில்லை. ஒரே பள்ளியில் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தும் இருவரில், 2003 மார்ச்சில் சேர்ந்தவருக்கு உயிருள்ளவரை மாத வருமானம். ஜூனில் சேர்ந்தவருக்கு ஒரே ஒரு காசோலை. இது அநியாயம் என்றுதான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குரல் எழுந்தது. 2025 பிப்ரவரியில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் இதை ஆராயக் குழு அமைத்தார்கள். 2026 ஜனவரி 3 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம், ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்வு, குடும்ப ஓய்வூதியம் அந்த ஓய்வூதியத்தில் அறுபது சதவீதம். உங்களுக்கு உரியது இதுதான் அம்மா.

இளநிலை உதவியாளர், காஞ்சிபுரம்: பத்து சதவீதப் பிடித்தம் அப்படியே தொடர்கிறதே. பிறகு இது எப்படிப் பழைய ஓய்வூதியம் ஆகும்?

ஆகாது. பழைய திட்டத்தில் ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் ஒரு பைசா பிடித்ததில்லை. ஆனால் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று மாறியிருக்கிறது. பங்களிப்புத் திட்டத்தில் நீங்கள் எத்தனை வருடம் உயிரோடு இருப்பீர்கள், விலைவாசி எங்கே போய் நிற்கும் என்ற கவலை முழுக்க உங்கள் தலையில் இருந்தது. வாங்கிய பணம் எழுபது வயதில் தீர்ந்துபோனால் கேட்க ஆளில்லை. உறுதியளித்த ஓய்வூதியத்தில் அந்தக் கவலை அரசின் தலைக்குப் போகிறது. சதவீதத்தைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ரயில்வே ஊழியர், காஞ்சிபுரம்: மத்திய அரசின் எங்கள் ஒருங்கிணைந்த ஓய்வூதியத்திலும் பாதிதான். இரண்டும் ஒன்றுதானே?

எதில் பாதி என்று கேளுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த உங்கள் திட்டத்தில், கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி. அதுவும் 25 ஆண்டு பணி முடித்திருந்தால்தான் முழுதாகக் கிடைக்கும். பத்து ஆண்டு முடித்தவருக்குக் குறைந்தபட்சம் 10,000 ரூபாய். ஓர் உதாரணம்: ஜூலையில் ஊதிய உயர்வு வாங்கி, டிசம்பர் கடைசியில் ஓய்வு பெறுகிறீர்கள். முதல் ஆறு மாதம் 77,700, அடுத்த ஆறு மாதம் 80,000. சராசரி 78,850, அதில் பாதி 39,425. கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 40,000. வித்தியாசம் 575 ரூபாய்தான். ஆனால் அந்த 575-க்கு உரிய அகவிலைப்படியும் சேர்ந்தே போகும், ஒவ்வொரு மாதமும், சாகும்வரை. அரசாணையில் ‘சராசரி’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று சங்கத்துக்காரர்கள் தேடிப் படிப்பது இதனால்தான்.

வருவாய்த்துறை ஊழியர், வாலாஜாபாத்: ஜூன் 30-ல் ஓய்வு பெறுகிறேன். ஜூலை 1-ல் வர வேண்டிய ஊதிய உயர்வு போச்சா?

போகக் கூடாது. ஒரு வருடம் முழுக்க உழைத்ததற்குத்தான் அந்த உயர்வு. உழைப்பு ஜூன் 30 மாலையோடு முடிந்துவிட்டது. மறுநாள் காலை நீங்கள் பணியில் இல்லை என்று சொல்லி அதை மறுப்பது எந்த ஊர் நியாயம்? ஒரு மத்திய அரசு ஊழியரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017-லேயே இதை ஏற்றுக்கொண்டது. கர்நாடக மின்வாரிய ஊழியர்கள் வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஊழியர் பக்கமே நின்றது. அந்த உயர்வைச் சேர்த்து ஓய்வூதியத்தைக் கணக்கிடும்படி இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

ஓய்வு பெற்ற இரவுக் காவலர், ஏனாத்தூர்: 2019-ல் ஓய்வு பெற்றேன். பங்களிப்புப் பணம் வந்தது. மகள் கல்யாணத்துக்கும் மனைவி வைத்தியத்துக்கும் போய்விட்டது. எனக்கு ஏதாவது உண்டா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பங்களிப்புத் திட்டத்தில் ஓய்வு பெற்று, மாத ஓய்வூதியம் இல்லாமல் இருப்பவர்களுக்குச் சிறப்புக் கருணை ஓய்வூதியம் என்று ஜனவரி அறிவிப்பில் இருக்கிறது. கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் ‘கருணை’ எனக்கு உறுத்துகிறது. ஓய்வூதியம் முதலாளி போடும் பிச்சை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 1982 டிசம்பர் 17 அன்றே சொல்லிவிட்டார்கள். புதுத் திட்டத்தில் முதல் ரூபாய் போய்ச் சேர வேண்டியது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். இன்னும் பத்து வருடம் வேலை பார்க்கப்போகிறவர் கொஞ்சம் காத்திருக்கலாம்.

பட்டு நெசவாளர், பிள்ளையார்பாளையம்: நாற்பது வருஷம் தறிக்குழியில் உட்கார்ந்து முட்டி தேய்ந்துவிட்டது. எனக்கு யார் பாதிச் சம்பளம் தருவார்கள்? எங்கள் வரிப் பணத்தில் அவர்களுக்கு மட்டும் ஏன்?

கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் ஆசிரியர் வீடு அல்ல. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு வருங்கால வைப்பு நிதியின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-லிருந்து வெறும் 1,000 ரூபாய். கரையும் உடலும் கோர்வை போட்டு நெய்யும் கைக்கு ஒரு சேலைக்கு நாள்கணக்கில் வேலை. அறுபதில் கண் மங்கிய பிறகு அந்தக் கைக்கு இந்த 1,200 எந்த மூலைக்கு? அரசு ஊழியரின் ஓய்வூதியத்தை வெட்டினால் உங்கள் உதவித்தொகை ஏறிவிடாது. உயர்த்திக் கேட்க வேண்டியது உங்கள் தொகையை. அதை ஊழியர் சங்கங்களும் உங்களோடு சேர்ந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்பது என் வருத்தம்.

கல்லூரி மாணவர், ஏனாத்தூர்: அரசுக்கு இவ்வளவு பணம் ஏது?

ஓய்வூதிய நிதிக்கு ஒருமுறை கூடுதலாக 13,000 கோடி, அதன்பின் ஆண்டுதோறும் சுமார் 11,000 கோடி என்று அரசே சொன்னது. பெரிய தொகை. ராஜஸ்தான் 2022-லும் இமாச்சலம் 2023-லும் பழைய திட்டத்துக்கே திரும்பின. சுமை பின்னால் வரும் தலைமுறையின் மேல் விழும் என்ற எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது. அந்தத் தலைமுறை நீங்கள்தான். எனவே கேளுங்கள்: வருடா வருடம் நிதியில் பணம் உண்மையிலேயே போடப்படுகிறதா, அந்தக் கணக்கு சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறதா? பணம் போடாத வாக்குறுதி எந்த ஆட்சியிலும் காற்றோடு போகும்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், காஞ்சிபுரம்: 2003 போராட்டத்தில் வேலை போனவர்களில் நானும் ஒருவன். அன்று பட்டது வீணா?

வீணில்லை ஐயா. அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலைநிறுத்தம் செய்ய உரிமையே இல்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதே ஆண்டில்தான் பங்களிப்புத் திட்டமும் வந்தது. 2026 ஜனவரி அறிவிப்பு அன்றைக்கு நீங்கள் போட்ட விதையின் விளைச்சல்.

கிராம நிர்வாக அலுவலர், காஞ்சிபுரம் வட்டம்: 2001-ல் சேர்ந்தவன். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்து, முன்கூட்டியே மொத்தப் பணமாக வாங்கலாமா?

கடன் இருந்தால் வாங்குங்கள். பேரன் பைக் கேட்கிறான் என்றால் வேண்டாம். 30,000 ஓய்வூதியத்தில் 10,000 தொகுத்தால், 15 ஆண்டு கழித்துத்தான் அது திரும்ப வரும். அறுபதில் ஓய்வு பெறுபவருக்கு எழுபத்தைந்தில். அகவிலைப்படி மட்டும் முழு 30,000-க்கும் கிடைக்கும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: உங்கள் பணிப்பதிவேட்டை வாங்கி, பிறந்த தேதி, விடுப்புக் கணக்கு, வாரிசு நியமனம் மூன்றையும் சரிபாருங்கள். வாரிசு பெயரில் ஓர் இனிஷியல் பிழை இருந்தாலும் இந்த மாதமே திருத்தக் கேட்டு எழுதிக் கொடுங்கள்.