மழையும் மைத்துனரும் பினாங்கும்

பினாங்குத் தீவை மழைக்காலத்தில்தான் பார்க்கவேண்டும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். இப்படிச் சொல்வதால் பிரயாண நூல்களைப் பாராயணம் செய்து வைத்திருக்கும் அன்பர்களின் விரோதத்தைச் சம்பாதித்துக்கொள்வேன் என்பதை அறிவேன். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் என்றும், ஜனவரியும் பிப்ரவரியுமே யாத்திரைக்கு உத்தமமான காலம் என்றும் அந்த நூல்கள் யாவும் ஒருமுகமாக விதித்திருக்கின்றன. விதித்தவர்கள் கண்ணை மட்டும் உத்தேசித்து விதித்தார்களே ஒழிய, நாக்கு என்கிற மற்றோர் இந்திரியமும் பிரயாணத்தில் கூடவே வருகிறது என்பதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் போனது அக்டோபரில். நாங்கள் என்றால் நானும், என் மனைவியும், அவளுடைய தம்பியும். அந்த மாதத்தில் விமானச் சீட்டு மலிவு என்று கண்டுபிடித்தவர் மைத்துனர்தான்; ஆகவே மழைக்கும் ஒருவிதத்தில் அவரே பொறுப்பாளி. தணிக்கைப் பிரிவில் உத்தியோகம் பார்க்கிற அவர், பார்க்கவேண்டிய ஸ்தலங்களைக் காலை எட்டு மணி முதல் இரவு ஏழு மணி வரை அரைமணி அரைமணியாகக் கூறுபோட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சிறு கட்டம் வரைந்து, பார்த்து முடித்ததும் அக்கட்டத்தில் குறியிடுவதற்கென்று ஒரு பச்சை மைப் பேனாவையும் கையோடு கொண்டுவந்திருந்தார். போஜனத்துக்கு அந்த அட்டவணையில் மத்தியானம் முக்கால் மணியும் இரவு முக்கால் மணியும் ஒதுக்கப்பட்டிருந்தன. "சாப்பாடு எங்கே போனாலும் கிடைக்கும், அத்தான். கோட்டை கிடைக்குமா?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தோன்றவில்லை. மழைக்குத் தோன்றிற்று.

முதற்கட்டம் காரன்வாலிஸ் கோட்டைக்கு உரியது. 1786-ஆம் வருஷம் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் அந்த முனையில் வந்து இறங்கியபோது அங்கே வனாந்தரம் மண்டிக் கிடந்ததாகவும், மரம் வெட்டுகிற ஆட்களுக்கு உற்சாகம் உண்டாகவேண்டும் என்பதற்காக அவர் பீரங்கியில் வெள்ளி நாணயங்களைத் திணித்துக் காட்டுக்குள்ளே சுட்டதாகவும் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கோட்டையில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. ஆனால் அவருடைய உருவப்படம் ஒன்றுகூட அகப்படாத காரணத்தால், ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்தை நிர்மாணித்த அவருடைய குமாரர் வில்லியமின் ஜாடையை வைத்தே அதை வார்த்துவிட்டார்கள் என்று சொல்லுகிறார்கள். தகப்பனாரைப் பார்க்கப் போன நாங்கள், அன்று பெய்த பெய்யலில் மகனையும் பார்க்கவில்லை. அந்தக் கோட்டை தன் ஆயுளில் ஒரு யுத்தத்தையும் கண்டதில்லையாம். அது கண்டதெல்லாம் இந்த மழையாகத்தான் இருக்கவேண்டும்.

அங்கிருந்து தப்புவதற்கு ஒரு திரிஷா வண்டி அமர்த்தினோம். நம் ஊர் சைக்கிள் ரிக்ஷாவில் ஓட்டுகிறவர் முன்னே உட்கார்ந்து முதலில் நனைவார். சவாரி பின்னே உட்கார்ந்து மிச்சத்தில் நனையும். பினாங்கில் ஓட்டுகிறவர் பின்னாலும் சவாரி முன்னாலும் இருக்கிறபடியால், முதல் மரியாதை சவாரிக்கே கிடைக்கிறது. முன்புறம் தொங்கவிட்ட பிளாஸ்டிக் திரைக்கு உள்ளே இருந்துகொண்டு, உலகப் பாரம்பரியச் சின்னமாக 2008-இல் அங்கீகாரம் பெற்ற ஜார்ஜ் டவுன் நகரம் முழுவதையும் கலங்கிய பச்சையும் கலங்கிய மஞ்சளுமாகத் தரிசித்தோம். 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் ஆர்மீனியன் தெருவில் நிஜமான சைக்கிள் ஒன்றைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் இரண்டு குழந்தைகள் சவாரி செய்வதாகத் தீட்டிய பிரசித்தமான சித்திரத்தையும் கடந்துதான் போயிருக்கிறோம். எந்தப் பக்கம் கடந்தோம் என்பதில் எனக்கும் மைத்துனருக்கும் இன்றுவரை அபிப்பிராய பேதம் இருக்கிறது.

ஆனால் மழைக்கு ஒதுங்குவதற்கு அதைவிடச் சௌகரியமான ஊரை நான் பார்த்ததில்லை. அங்குள்ள பழைய கடைவீடுகளில் மாடி தெருவை ஒட்டி நிற்கும். கீழ்த்தளம் மட்டும் ஐந்தடி பின்வாங்கி, ஒரு வீட்டுத் தாழ்வாரம் அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தோடு சேர்ந்து, தெருக் கோடி வரைக்கும் கூரை வேய்ந்த நடைபாதையாக ஓடும். 1822-இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ராபிள்ஸ், ஒவ்வொரு வீட்டின் முன்பும் இப்படி ஒரு தாழ்வாரம் இருந்தே தீரவேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கம் அந்தப் பிரதேசத்து நகரங்களில் எல்லாம் வேரூன்றியது. ஜனங்கள் வெயிலிலும் மழையிலும் தடையின்றி நடக்கவேண்டும் என்பது சர்க்காரின் சங்கல்பம். ஜனங்களோ அந்த இடத்தில் மோட்டார் சைக்கிளையும், சிவப்புப் பூஜை மாடத்தையும், முக்காலிகளையும், எல்லாவற்றுக்கும் நடுவே ஓர் அடுப்பையும் வைத்துவிட்டார்கள். ஆகையால் மழைக்கு ஒதுங்குகிறவன் தவிர்க்க முடியாதபடி ஓர் அடுப்பின் எதிரே போய் நிற்கிறான். நின்றவனைப் பார்த்து "எத்தனை தட்டு?" என்று விரலாலேயே கேட்கிறார்கள். இதற்கு மேல் அட்டவணையாவது, கட்டமாவது!

நாங்கள் ஒதுங்கிய அடுப்பு சார் குவே தியோ என்னும் பண்டத்துக்குரியது. பட்டையான அரிசி நூடுல்ஸைக் கொதிக்கிற இரும்புச் சட்டியில் வீசி, சோயா ரசம் தெளித்து, ஓரமாக ஒதுக்கி முட்டையை உடைத்து விட்டு, இறால், மட்டிச் சிப்பி, பயறு முளை, பூண்டு வாசனையுள்ள ஒரு பச்சைத் தழை ஆகியவற்றைச் சேர்த்து, ஜுவாலை சட்டிக்குள்ளேயே பாயும்படி நாலு புரட்டுப் புரட்டினால் வேலை முடிந்தது. இந்தக் கிரியையை ஒரு சமயத்தில் ஒரு தட்டுக்குத்தான் செய்யவேண்டும் என்பதில் கை தேர்ந்தவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். பத்துப் பேர் காத்திருந்தால் பத்து முறை சட்டி காயும். அந்தக் கடைக்காரக் கிழவர் ஆகாயத்தையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கப்பட்ட அரைமணி கழிந்து, மணிக்கூண்டுக்கு ஒதுக்கப்பட்ட அரைமணியும் கழிந்தது. மைத்துனர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்; தட்டு வந்த பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பினாங்குக் காப்பிக் கடையின் அரசியல் நிர்ணயத்தைப் பற்றி இவ்விடத்தில் ஒரு வார்த்தை. ஒரே கூரையின் கீழ் ஏழெட்டுச் சிறு தள்ளுவண்டிகள் நிற்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பண்டத்தில் மட்டும் சுயராஜ்யம் பெற்றது. கடைக்குச் சொந்தக்காரரோ பானங்களை மட்டும் தம் அதிகாரத்தில் வைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் எந்த வண்டியில் வாங்கிச் சாப்பிட்டாலும் அவரிடம் ஒரு காப்பியோ, ஜாதிக்காய்ச் சர்பத்தோ வாங்கிக் குடிப்பது குடிமக்களின் கடமை. மழை நிற்கும்வரை உட்கார்ந்திருக்கலாம். யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. ஆனால் உட்கார்ந்திருப்பவனுடைய பார்வை அடுத்த வண்டியின் மேல் விழாமல் எத்தனை நேரம் இருக்கும்? இந்த ஏற்பாட்டை யோசித்தவர் மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்.

மறுநாள் பினாங்கு மலை. 1923-இல் திறக்கப்பட்ட கயிற்று ரயில் அங்கே உண்டு. முன்காலத்தில் பாதி வழியில் இறங்கி வண்டி மாறவேண்டும். 2011 முதல் ஒரே ஓட்டமாக உச்சிக்குக் கொண்டுபோய் விடுகிறது. உச்சியிலிருந்து ஜார்ஜ் டவுன் முழுவதும், கடலும், தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலமும் கண்கொள்ளாக் காட்சியாகத் தெரியும் என்று மைத்துனர் உரக்கப் படித்தார். தெரிந்தது மேகம். கீழே மேகம், எதிரே மேகம், கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவியின் கைக்கும் எனக்கும் இடையே மேகம். குன்று என்று ஒன்று இருந்தால் குமரனுக்கு அங்கே இடம் உண்டு என்ற நியாயப்படி மலைமேல் திருமுருகன் ஆலயம் இருக்கிறது. அவர் ஒருவரைத்தான் எங்களால் அருகில் போய்ப் பார்க்க முடிந்தது. இறங்கும்போது, பச்சைப் பேனாவால் குறியிடுவதா வேண்டாமா என்பது பற்றித் தர்க்கம் எழுந்தது. "மலையைப் பார்த்தோமா, மலையில் இருந்தோமா?" என்று மைத்துனர் தணிக்கைக்காரரின் மனசாட்சியோடு கேட்டார். "இருந்தோம், பசிக்கிறது," என்றாள் அவருடைய அக்காள்.

அடிவாரத்துக்கு அப்பால் ஆயர் ஈத்தாமில், 1890-இல் கட்டத் தொடங்கிய கெக் லோக் சி என்னும் பௌத்த ஆலயம் இருக்கிறது. அடித்தளம் சீனப் பாணி, நடுப்பகுதி சயாமியப் பாணி, சிகரம் பர்மியப் பாணி என்று மூன்று தேசத்துச் சிற்பமரபுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி 1930-இல் முடித்த ஏழடுக்குக் கோபுரத்தில், எங்களுக்குச் சீனம் பூராவும், சயாம் பாதியும் கிடைத்தன. பர்மா மழையில் போய்விட்டது. ஆனால் அந்த ஆலயத்துக்குக் கீழே சந்தையோரத்தில் விற்கிற அஸாம் லக்ஸாவை மழை ஒன்றும் செய்ய முடியவில்லை. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, புளியும் மிளகாயும் கரைத்துக் கொதிக்கவைத்த குழம்பைத் தடித்த அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றி, வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, ஒருவகை இஞ்சிப் பூவின் நறுக்கு ஆகியவற்றைத் தூவி, கடைசியில் கன்னங்கரேலென்ற இறால் விழுதை ஒரு கரண்டியில் தருகிறார்கள். அதன் வாசனையைப் பற்றி நான் மௌனம் சாதிக்கிறேன். ருசியோ, முதல்நாள் வைத்து மறுநாள் சுண்டவைத்த மீன்குழம்பை யாரோ பழத்தோட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டது போல் இருந்தது. இதை நிந்தையாகச் சொல்லவில்லை. இரண்டாவது கிண்ணம் வாங்கியவர் மைத்துனர்.

சனிக்கிழமை என் மனைவிக்கு விரதம். ஆகவே அன்று அவளை முன்னிட்டுச் செண்டோல் தேடிப் போனோம். பச்சை நிறமான அரிசிமாவு இழைகளையும் சிவப்புப் பயற்றையும் தேங்காய்ப்பாலையும் பனைவெல்லப் பாகையும் சீவிய பனிக்கட்டியின்மேல் கொட்டித் தருகிற அந்தப் பதார்த்தத்துக்குப் பினாங்கு ரோட்டை அடுத்த கெங் குவீ சந்து பேர்போனது. அடைமழை, காற்று, குடைகள் மல்லாந்துகொண்டிருந்தன. அந்த நிலையில் ஒரு ஜனக்கூட்டம் வரிசை கலையாமல் நின்று, நடுங்குகிற கைகளால் ஐஸ் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாகரிகம் முற்றிய தேசங்களில் ராணுவத்திடம்கூட இத்தனை கட்டுப்பாட்டை எதிர்பார்க்க முடியாது. நாங்களும் நடுங்கினோம்.

இரவு நாசி கண்டார். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டின் இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்ற ஆகாரம் இது; தண்டு போய்ப் பெரிய கடைகள் வந்துவிட்டன. இராமநாதபுரம் சீமையின் பேச்சு அங்கே இன்னும் காதில் விழுகிறது. நனைந்து உள்ளே நுழைந்த எங்களைப் பார்த்து, "வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா?" என்று கேட்ட இளைஞர், மைத்துனருடைய தட்டில் கோழிக் குழம்பு ஒரு கரண்டி, மீன் குழம்பு ஒரு கரண்டி, பருப்பு ஒரு கரண்டி, இன்னதென்று தெரியாத சிவப்பான ஒன்று இரண்டு கரண்டி என்று சாங்கோபாங்கமாக ஊற்றிக்கொண்டே போனார். சோறு மூழ்குகிறவரைக்கும் குழம்புகளைக் கலந்து விடுவதுதான் அங்கே சம்பிரதாயம். வெளியே தெருவிலும் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஏறியிருந்தது. "போதும், போதும்" என்று மைத்துனர் கத்தினார். "மழை நேரத்துக்கு இதுதாண்ணே" என்று சொல்லி அவர் இன்னொரு கரண்டி விட்டார்.

திரும்பும்போது விமானத்தில் மைத்துனர் அட்டவணையை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தார். பச்சைக் குறிகளைவிட வெற்றுக் கட்டங்களே அதிகம் என்று வருத்தப்பட்டு, அவற்றைப் பூர்த்தி செய்வதற்காக வருகிற பிப்ரவரியில் தனியாகப் போகத் தீர்மானித்திருக்கிறார். அப்போது மழை இராது; வெயில் கொளுத்தும். வெயில் கொளுத்தினால் கெங் குவீ சந்தில் வரிசை இன்னும் நீளமாக இருக்கும் என்பதை, அவரை அறிந்த வாசகர்கள் யாராவது தயவுசெய்து அவரிடம் சொல்லிவைக்கவேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டார்.