கடலுக்குள் ஒரு கந்தோர்

ஒரு ஊர் என்றால் அதற்கொரு நகர மண்டபம் வேண்டும். மண்டபத்தின் நெற்றியில் ஒரு மணிக்கூடு வேண்டும். அந்த மணிக்கூடு பல வருடமாய் ஓடாமல் நிற்கவும் வேண்டும். ஊர்காவற்றுறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே அரசாள வந்தவர்கள் தங்கள் பெரிய கட்டடத்தைத் தரையில் வைக்காமல், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவிலே கடலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அந்தக் கடற்கோட்டைதான் எங்களுக்கு வாய்த்த பொதுக் கட்டடம். சனம் விண்ணப்பத்தோடு வந்து வாசலில் நிற்க முடியாத இடத்தில் கந்தோர் வைப்பது எத்தனை வசதி என்பது நான்கு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு கூட்டத்துக்கு விளங்கியிருக்கிறது.

அந்தக் கூட்டம் பறங்கியர். 1619இல் பிலிப்பே த ஒலிவேரா யாழ்ப்பாண அரசைப் பிடித்து, சங்கிலி குமாரனைக் கோவாவுக்கு ஏற்றியனுப்பிய பிறகு, கடல் வாசலுக்குக் காவல் தேவைப்பட்டது. வாசலால் போன சரக்கு லேசுப்பட்டதல்ல, யானை. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவால் நடத்திக் கொண்டுவந்து, இந்தத் துறையில் கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றார்கள். ஒரு யானையைச் சம்மதிக்கவைத்துக் கப்பலில் ஏற்றுவது எப்படி என்று கேட்பவர்கள், நயினை அம்மன் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளமேறும் சனத்தைப் பார்த்தால் ஓரளவு தெளிவு பெறலாம்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். ஏறக்குறைய எண்கோணம். சுற்றிவர மதில், உள்ளே போக ஒரு வாசல். சுவரெல்லாம் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். கடலில் தோண்டிய கல்லைக் கடலுக்குள்ளேயே அடுக்கினால் கடல் அதைத் திருப்பிக் கேட்கும் என்பது பறங்கியருக்குத் தோன்றவில்லை. வடக்கு மூலையில் அத்திவாரத்தின் கீழிருந்த மணலை அலை கொஞ்சம் கொஞ்சமாய் அரித்து எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து மதிலையாவது திடமாய்க் கட்டினார்களா? இல்லை. உள்ளே வெற்றிடம் விட்டு, மேலே மரவளைகளைப் போட்டு, அதன்மேல் கல்லும் சுண்ணாம்பும் பரப்பி, களஞ்சியம் என்று சொல்லிக்கொண்டார்கள். உப்புக்காற்றில் மரவளை எத்தனை மாரி தாங்கும் என்று கரையில் நின்ற எந்தக் கிழவனும் சொல்லியிருப்பான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

இவை சில்லறைப் பிழைகள். பெரிய பிழை தண்ணீர். தீவுப்பகுதியில் கலியாணம் பேச வருகிறவர்கள்கூட, சாதகத்துக்கு முதல் வளவுக் கிணறு நன்னீரா உவரா என்று விசாரிப்பார்கள். கோட்டை கட்டியவர்களோ பீரங்கி எங்கே நிற்கும், கொடி எங்கே பறக்கும் என்றெல்லாம் யோசித்துவிட்டு, குடிதண்ணீரை ஒரு மரத்தொட்டியை நம்பி விட்டார்கள்.

1658இல் ரிக்லொஃப் வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தார்கள். குண்டுகள் பறந்தன. மதில் ஒன்றும் பெரிதாய் ஆகாமல் நின்றது. தொட்டிதான் உடைந்தது. நாலு பக்கமும் தண்ணீர், வாயில் விட ஒரு சிரங்கை இல்லை. இரண்டு கிழமை நாக்கு வறண்ட பிறகு பறங்கியர் கதவைத் திறந்துவிட்டார்கள். பெரிய யாழ்ப்பாணக் கோட்டை மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்து யூன் மாதம்தான் விழுந்தது. நம்முடைய கடல் வீரம் ஒரு தொட்டியோடு சரி.

ஒல்லாந்தரோடு கூட வந்த பாதிரியார் பிலிப்புஸ் பால்டேயஸ், பின்னர் 1672இல் அச்சேறிய தன் பெரிய நூலில், இந்தக் கட்டட வேலையின் குறைகளை மேசன்மாரோடு தகராறு பட்ட வீட்டுக்காரர் மாதிரி எழுதிவைத்திருக்கிறார். மரவளை போய்க் கல் வளைவு வந்தது, மரத்தொட்டி போய்க் கல்தொட்டி வந்தது, அலையை உடைக்க வெளியே கல்லணை போட்டாயிற்று. இதுவரை ஒல்லாந்தருக்கு மதிப்பெண் கொடுக்கலாம். அடுத்து அவர்கள் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். வேலணைத் தீவு லெய்டன், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். வீட்டு நினைப்பு வந்தவன் சட்டியில் எழுதலாம், தீவில் எழுதினால் என்ன செய்வது? சனம் அதைக் காதில் வாங்கவில்லை. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோட்டைக்கு வைத்த பெயர்தான் உச்சம். இலங்கைப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது பன்றித் தொடையாய்த் தெரிந்ததாம், கோட்டை நிற்கிற முனை அதன் குதியாம். ஆகவே ஹமன்ஹீல். கந்தசட்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடக்கிற சைவ நாட்டின் வாசலில் இப்படியொரு பெயர்ப்பலகை. பசி நேரத்தில் தேசப்படம் பார்க்கக் கூடாது.

ஊர் அதற்கும் ஒரு மாற்று வைத்திருந்தது. பூதத்தம்பி கோட்டை. கதை எல்லாருக்கும் தெரியும், கூத்தாகவும் ஆடியாயிற்று. ஒல்லாந்தரின் கீழ் பூதத்தம்பி ஒரு முதலியார். கூடவே வேலை பார்த்த அந்திராசிக்கு அவன் மனைவி அழகவல்லிமேல் கண். அவள் விரட்டி அனுப்ப, அவன் கந்தோர் மூளையோடு பழிவாங்கினான். கோட்டை வேலைக்கு மரம் எடுக்க வேண்டும் என்று சொல்லி வெற்றுத் தாளில் பூதத்தம்பியிடம் கையெழுத்து வாங்கி, மேலே பறங்கியருக்கு எழுதிய துரோகக் கடிதமாக நிரப்பிவிட்டானாம். பூதத்தம்பிக்குத் தலை போயிற்று. பின்னொரு நாள் கொழும்புக்கு விசாரணைக்குப் போகும் வழியில் அந்திராசியை யானை அடித்துக் கொன்றது என்று கதை முடியும். இந்தத் துறையால் கப்பலேறிய யானைகளின் கணக்கில் ஒன்றாவது நேரானதில் எனக்குத் திருப்தி.

வரலாறு இத்தனை சுவையாய் இல்லை. 1658இல் ஒல்லாந்தருக்கு எதிரான சதியொன்று வெளிப்பட்டுப் பலர் கொல்லப்பட்டார்கள். காட்டிக்கொடுத்தவர் மனுவல் அந்திராடோ என்ற முதலியார், அவர்தான் கதையின் அந்திராசி என்பது ஆய்வாளர் கணிப்பு. ஆனாலும் கதையில் ஒரு இடம் நம்பும்படியாகவே இருக்கிறது. மரம் வேண்டும் என்று வெற்றுத் தாளை நீட்டினால் யோசிக்காமல் கையெழுத்துப் போடும் அளவுக்கு அந்தக் கோட்டை மரம் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

1795 செப்டெம்பரில் பிரித்தானியர் வந்தபோது யாழ்ப்பாணக் கோட்டை ஒரு வெடிகூட வைக்காமல் கைமாறியது. கடற்கோட்டையும் அதே வழி. இம்முறை தொட்டி தப்பிவிட்டது. வெள்ளைக்காரருக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. யாழ்ப்பாணத்தாரோ சண்டையை விட்டு வழக்குப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அதற்குக் கோட்டை தேவையில்லை, புறக்டர்மார் போதும். ஆகவே கட்டடம் ஒரு காலம் தொற்றுநோய் ஆஸ்பத்திரி, ஒரு காலம் மறியல்வீடு. இரண்டுக்கும் ஒரே தகுதிதான் வேண்டும், உள்ளே போனவன் நினைத்தபடி வெளியே வரக் கூடாது. எதிரியை வெளியே நிறுத்தக் கட்டிய சுவர் அந்த வேலையில் ஒரு தரமும் வென்றதில்லை. மனிதரை உள்ளே வைத்திருக்கும் வேலையில்தான் அது பேர் வாங்கியது.

1971 கிளர்ச்சிக்குப் பிறகு ஜே.வி.பி.காரரையும் அவர்களின் தலைவர் ரோகண விஜேவீரவையும் கொண்டுவந்து இங்கே அடைத்தார்கள். தெற்கில் புரட்சி செய்தவர்களை வடக்கின் கடைசிக் கடலுக்கு அனுப்பினால் புரட்சி குளிர்ந்துவிடும் என்ற நினைப்பு. உலகத் தொழிலாளர் ஒன்றுபட எத்தனை வசதியான இடம், வந்துபோக ஒரு வள்ளம்தான் இல்லை.

இப்போது அது கடற்படையின் கையில். காரைநகர்த் தளத்துக்கு எலாரா என்று பெயர், எல்லாளன்தான். அனுராதபுரத்தில் சாய்ந்த தமிழ் மன்னனுக்கு ஈராயிரம் வருடத்துக்குப் பிறகு காரைநகரில் அப்படியொரு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. கோட்டையை அவர்கள் உல்லாச விடுதி ஆக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரரும் கொழும்புக்காரரும் காசு கொடுத்து, வள்ளத்தில் வந்து, உள்ளே படுக்கிறார்கள். முன்பு இங்கே ஒரு இரவு தங்க வேண்டுமானால் ஒரு அரசைக் கவிழ்க்கப் பார்க்க வேண்டும், அல்லது வைசூரி மாதிரி ஏதாவது வந்திருக்க வேண்டும். இப்போது முன்பதிவு செய்தால் போதும். எத்தனை மணிக்கு அறையை விட வேண்டும் என்பதையும் முதலே சொல்லிவிடுகிறார்கள், அந்தக் கட்டடத்தின் பழைய விருந்தாளிகள் ஒருவருக்கும் கிடைக்காத சலுகை.